சௌல்தாரியில் ஒரு வெறும் நாள்: கரையோரப் பறவைகளைப் படமெடுக்கப் புதிதாகக் கிளம்புவோருக்கு முழுமையான வழிகாட்டி

ஜனவரி மாதம், பௌர்ணமிக்கு மறுநாள். காலை ஏழே காலுக்குத் தெற்கு அந்தமானின் சௌல்தாரியில் பேருந்தை விட்டு இறங்கினேன். தோளில் கேமரா, 100–400 லென்ஸ், ட்ரைபாட். கைப்பையில் அக்கா கட்டிக் கொடுத்த இட்லியும் மிளகாய்ப் பொடியும். மதியம் இரண்டு மணிக்கு அதே இடத்தில் திரும்பப் பேருந்து ஏறினேன். எடுத்தவை 340 படங்கள். அவற்றில் ஓர் உண்ணிக்கொக்கின் முதுகு மட்டும் 26 முறை வந்திருந்தது. உள்ளான் என்று நினைத்து எடுத்ததில் பாதி, சேற்றில் குத்திட்டு நின்ற மரக்கட்டை. அந்தமான் கிளுவை என்ற வாத்தைப் படம்பிடித்து வருகிறேன் என்று அக்கா மகளிடம் வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அதன் இறகுகூடக் கண்ணில் படவில்லை.

அன்றைக்குப் பறவையே இல்லை என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் மழை. வீட்டில் உட்கார்ந்து அந்த ஆறே முக்கால் மணி நேரத்தையும் மணிவாரியாக ஒரு தாளில் எழுதினேன். பறவைகள் தம் நேரத்துக்கு வந்து போயிருக்கின்றன, நான்தான் பேருந்தின் நேரத்துக்குப் போயிருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. கீழே வரும் படிகள் அந்தத் தாளிலிருந்து வந்தவை. கேமராவும் 300 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸும் இருந்தால் தொடங்கலாம். நீண்ட ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமராவும் போதும். பறவைகளின் பெயர் தெரியவில்லை என்றாலும் பாதகமில்லை, போகப் போக வரும்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இது எளிது. தெற்கு அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மே கடைசியில் தொடங்கினால் டிசம்பர் வரை ஏதாவது ஒரு பருவக்காற்று கொட்டிக்கொண்டிருக்கும். சைபீரியா, மங்கோலியா பக்கமிருந்து குளிருக்கு ஒதுங்கி வரும் கரைப்பறவைகள் செப்டம்பரில் வரத் தொடங்கி ஏப்ரலில் கிளம்பிவிடும். மழையும் இல்லாமல் விருந்தாளிகளும் இருக்கும் மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. என் பயணத்தில் சரியாக அமைந்தது இந்த ஒன்றுதான், அதுவும் அக்கா வீட்டில் பொங்கல் என்பதால்.

படி 2: கடிகாரத்தை மறந்து சூரியனைப் பாருங்கள்

முந்தின நாள் இரவு, “அஞ்சு மணிக்கு எழுப்பி விடு” என்று அக்காவிடம் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன். “அஞ்சரைக்கெல்லாம் வெளிச்சம் வந்துரும்டா, இது மெட்ராஸ் இல்ல” என்று அவள் சொன்னதைக் காதில் வாங்காமல் ஆறு மணிக்கு அலாரம் வைத்தேன்.

இந்திய நேரம் கிழக்கு 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவது. போர்ட் பிளேர் ஏறக்குறைய 92.7 பாகையில் இருக்கிறது. (2024 செப்டம்பரிலிருந்து அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம். பேருந்து நடத்துநர் முதல் என் அக்கா வரை வாயில் வருவது இன்னும் பழைய பெயர்தான்.) பாகைக்கு நான்கு நிமிடம் என்றால், இங்கே சூரியன் கடிகாரத்தைவிட 40 நிமிடம் முன்னால் ஓடுகிறது. ஜனவரி நடுவில் ஐந்தே முக்கால் வாக்கில் உதயம். அதே நாளில் சென்னையில் ஆறரை தாண்டித்தான் சூரியன் தலைகாட்டும். மாலையும் அப்படியே, ஐந்தே கால் வாக்கில் அஸ்தமனம். நவம்பரில் ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

பறவைப் படத்துக்கு உகந்தது உதயத்தை அடுத்த ஒன்றரை மணி நேரமும் அஸ்தமனத்துக்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும். சாய்வான, மஞ்சள் கலந்த வெளிச்சம் பறவையின் கண்ணில் ஒரு பொட்டாக விழும். அந்தப் பொட்டு இல்லாவிட்டால் படத்தில் பறவை பொம்மைபோல இருக்கும். ஏழே காலுக்கு நான் இறங்கியபோது அந்தக் காலைப் பங்கு சரியாக முடிந்திருந்தது. ஆகவே வெளிச்சம் வரும்போது நீங்கள் சேற்றோரம் நிற்க வேண்டும். முதல் பேருந்து அதற்கு ஒத்துவராது என்றால் முந்தின நாளே ஆட்டோவோ வாடகை ஸ்கூட்டரோ பேசி வையுங்கள்.

படி 3: தண்ணீரின் நேரத்தைப் பாருங்கள்

ஒரே ஒரு படியை மட்டும் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் பறவை பார்த்துப் பழகியவர்கள் கடல்நீர் ஏறி இறங்குவதை ஒரு கணக்காகவே வைத்துக்கொள்வதில்லை. நானும் அந்தக் கூட்டம்தான். சென்னைக் கரையில் பௌர்ணமி, அமாவாசை நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் சுமார். போர்ட் பிளேரில் அது இரண்டு மீட்டரை நெருங்கும். சரிவே இல்லாத சேற்றுவெளியில் இரண்டு மீட்டர் என்றால், கண்ணுக்கெட்டிய தூரம் திறந்து கிடக்கும் சேறு சில மணி நேரத்தில் முழுதாக மூடிப் பிறகு திறக்கும். உள்ளான்கள் தின்னும் புழுவும் குட்டி நண்டும் சிறு சிப்பியும் அந்தச் சேற்றுக்குள் இருக்கின்றன. சேறு திறந்தால் அவற்றுக்குச் சாப்பாடு, மூடினால் எங்காவது ஒதுங்கித் தூக்கம். பகல் இரவு என்ற பாகுபாடே அவற்றுக்குக் கிடையாது. நிலா வெளிச்சத்தில் வற்றம் விழுந்தால் நிலா வெளிச்சத்தில் தின்னும்.

கணக்கு இப்படி: ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேற்றைய நேரம் இன்று 50 நிமிடம் போலத் தள்ளிப் போகும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நீர் மிக உயரம் ஏறி மிகத் தாழ இறங்கும். அஷ்டமி பக்கம் இரண்டுமே மந்தம். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைக் கிழிக்கும்போது திதியைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அஷ்டமி நவமியில் எந்தக் காரியமும் தொடங்காதே என்பார் அம்மா. முதல்முறை உள்ளான் பார்க்கக் கிளம்புகிறவருக்கு அது மோசமான நாள் இல்லை: சேறு கொஞ்சம்தான் திறக்கும், ஆனால் முழுதாக மூடவும் மூடாது.

துல்லியமான நேரத்துக்கு இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணை இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையமும் கணிப்பு தருகிறது. போர்ட் பிளேருக்கான நேரத்தை வீட்டிலிருக்கும்போதே கைபேசியில் படமாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தீவில் சிக்னல் எங்கே போகும், எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு திருத்தமும் தேவை: அந்த நேரம் துறைமுகத்துக்கானது. காடி என்று உள்ளூரில் சொல்லும் கழிமுகக் கால்வாய் வழியாக நீர் உள்ளே வந்து சேர இன்னும் சற்று நேரம் ஆகும்; எவ்வளவு என்பதை ஒருநாள் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எப்போது நிற்பது? வற்றத்தின் உச்சத்தில் சேறு நிறைய இருக்கும், பறவைகள் அதன் மறுகோடியில் இருக்கும். நீர் ஏறத் தொடங்கி, சேற்றின் அகலம் குறையக் குறைய அவை உங்களை நோக்கித் தள்ளப்பட்டு வரும். கரையோரம் கடைசிக் கீற்றுச் சேறு மிஞ்சும் அந்த முக்கால் மணி நேரம்தான் பொன்னான நேரம். அடுத்த நல்ல நேரம், இறங்கும் நீரில் முதல் சேறு தலைகாட்டும்போது, பசியோடு அவை திரும்பி வரும் நேரம்.

இனி என் கதை. அன்று ஏற்றத்தின் உச்சம் காலை பத்து மணி வாக்கில். ஏழே காலுக்கு நான் போனபோது கரையோரம் இரண்டு மூன்று பாக அகலத்துக்குச் சேறு மிஞ்சியிருந்தது. அதில் ஆறேழு பவளக்காலிகள், பதினைந்து மீட்டருக்குள். பொன்னான நேரத்தின் நடுவில், தெரியாமலே, வந்து விழுந்திருக்கிறேன். அப்போது என்ன செய்தேன் என்றால், நிமிர்ந்து நின்று ட்ரைபாட்டின் மூன்று கால்களையும் டக் டக்கென்று விரித்தேன். பவளக்காலி சதுப்பின் காவல்காரன், முதலில் அலறுவது அதுதான். அலறிக்கொண்டு அது எழுந்தது, சேற்றில் இருந்ததாகவே நான் அறியாத இன்னும் முப்பது நாற்பது பறவைகள் கூடவே எழுந்தன. அரைமணியில் சேறு மூடிவிட்டது. பிறகு பெரும்பாலான நேரம் நான் படமெடுத்தது தண்ணீரை.

மதியம் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோது கடைக்காரர், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து நாற்பது வருஷம் ஆனவர், கேமராவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “குருவி புடிக்க வந்தீங்களா சார்? பானி ஏறுற நேரமால்ல வந்திருக்கீங்க. நாலு மணிக்கு வத்தும் பாருங்க, அப்ப பூரா குருவிதான்.” மணி ஒன்று. மூன்று மணி நேரம் யார் காத்திருப்பது என்று நினைத்தேன். நாலு மணிக்கு வற்றம், ஐந்தே காலுக்கு அஸ்தமனம்: வெளிச்சமும் சேறும் ஒன்றாகக் கூடிவரும் மாலைகளில் ஒன்று. அந்த நேரத்தில் நான் அக்கா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

படி 4: நிற்கும் நிலம் எது என்று கேளுங்கள்

சிப்பிகாட், ஓக்ராபிராஜ், சௌல்தாரிப் பக்கத்துத் தாழ்நிலங்களைப் பார்க்கும் புதியவர், காலங்காலமாக இருக்கும் சதுப்பு என்று நினைத்துக்கொள்வார். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகில் தொடங்கிய நிலப்பிளவு வடக்கே அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு வந்தது. அதில் வட அந்தமானின் கரைகள் உயர்ந்தன, தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சுனாமி அலை வந்து திரும்பிப் போய்விட்டது. தாழ்ந்த நிலம் திரும்பி எழவில்லை. அதுவரை ஏற்றத்துக்கு எட்டாமல் இருந்த நெல்வயல்களிலும் தோப்புகளிலும் அன்று முதல் நாளுக்கு இருமுறை உப்புநீர் ஏறி இறங்குகிறது. சிப்பிகாட் சாலையோரம் தலையில்லாத தென்னைகளும் நீருக்குள் நிற்கும் கட்டட மிச்சங்களும் இதற்குச் சாட்சி. உப்பு ஏறிய வயலில் நெல் போனது, சில ஆண்டுகளில் அலையாத்திக் கன்றுகள் வந்தன, அவற்றின் பின்னால் கொக்கும் உள்ளானும் கிளுவையும் வந்தன.

“நீங்க போட்டோ எடுத்தீங்களே, அது எங்க மாமனார் வயல்” என்றார் கடைக்காரர். வருத்தமாகச் சொன்னதுபோலத் தெரியவில்லை. திசை காட்டுவதுபோலத்தான் சொன்னார். எனக்குத்தான் தேநீர் இறங்கவில்லை.

ஆகவே வரப்பில் இறங்குமுன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் “போங்க” என்பார்கள், கூடவே எந்த வரப்பு உள்வாங்கும், எங்கே பறவை தங்கும் என்றும் சொல்வார்கள். தமிழில் கேட்டால் தமிழில் பதில் வர நல்ல வாய்ப்பு உண்டு. இல்லாவிட்டால் தீவின் இந்தி இருக்கிறது, அதில் இலக்கணப் பிழையை யாரும் பொருட்படுத்துவதில்லை.

படி 5: ஆசைப் பட்டியலைச் சுருக்குங்கள்

பூநாரைக் கூட்டம், கூழைக்கடா, செங்கால்நாரை என்ற கோடியக்கரைக் கனவுகளைக் கப்பலிலேயே விட்டுவிடுங்கள். இங்கே பார்க்கக் கிடைப்பவை வேறு. அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு மட்டுமே உரிய பறவைகள் இருபதுக்கும் மேல் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி காட்டுக்குள் வாழ்பவை. சேற்றோரம் நிற்பவருக்கு வாய்ப்புள்ளவை சில மட்டுமே.

ஆகவே பொதுவான பறவைகளில் தொடங்குங்கள். முதலில் மீன்கொத்திகள். நீலப்பச்சை முதுகும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் உள்ள மீன்கொத்தி அலையாத்தி மரங்களிலும் மின்கம்பியிலும் அசையாமல் உட்காரும். புதியவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. அடுத்து கடலோரப் பாறையிலும் சேற்றிலும் தனியாக நடக்கும் கருஞ்சாம்பல் நிறக் கரைக்கொக்கு. இதில் வெள்ளை நிறத்தவையும் உண்டு, வெண்கொக்கு என்று ஏமாறாதீர்கள். வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஆற்று உள்ளான், மேல்நோக்கிச் சற்றே வளைந்த அலகுள்ள பச்சைக்காலி, கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகோடு நண்டு தேடும் சிறு கோட்டான், பொன்னிறப் புள்ளி முதுகுள்ள உப்புக்கொத்தி, முப்பது கிராம் சுமார் தேறும் செங்கழுத்துக் கொசு உள்ளான் ஆகியவை குளிர்கால விருந்தாளிகள். தலைக்கு மேலே வெண்வயிற்றுக் கடற்கழுகு. தமிழ்ப் பெயர்களில் குழப்பம் வந்தால் பேராசிரியர் க. ரத்னம் தொகுத்த ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ நூலைப் புரட்டலாம்.

இனி அந்தமான் கிளுவை. பழுப்பு உடல், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். சிலவற்றுக்கு முகம் முழுக்க வெள்ளை படர்ந்திருக்கும். கோயம்புத்தூரில் உள்ள சலீம் அலி பறவையியல் மையம் 1990களில் இதைத் தேடிக் கணக்கெடுத்தபோது எண்ணிக்கை சில நூறுகளில்தான் இருந்தது. அழியும் ஆபத்துள்ள இனமாக இன்றும் பட்டியலில் இருக்கிறது. என் ஏமாற்றத்துக்கான விளக்கம் இதன் பழக்கத்திலேயே உண்டு: பகலில் அலையாத்திகளுக்கு இடையிலும் சிறு திட்டுகளிலும் ஒதுங்கிக் கிடக்கும், இருட்டிய பிறகு நன்னீர்க் குட்டைக்கும் வயலுக்கும் மேய வரும். காலை ஒன்பது மணிக்கு வெட்டவெளி நீரில் அதைத் தேடியது, ஆந்தையைச் சந்தையில் தேடிய கதை. விடியும் முன்னும் அந்தி சாய்ந்ததும் அவை இடம் மாறும் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் பார்க்க வாய்ப்பு. முதல் பயணத்தில் இதன் படத்தை இலக்காக வைக்காதீர்கள். அதைவிட முக்கியமாக, குழந்தைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

படி 6: தூரத்தைக் கணக்குப் போடுங்கள், பிறகு கேமராவைத் தொடுங்கள்

புதியவரின் ஏமாற்றத்தில் பெரும்பங்கு பெருக்கல் வகுத்தலில் இருக்கிறது. கொசு உள்ளானின் நீளம் 15 சென்டிமீட்டர். 300 மில்லிமீட்டர் லென்ஸ், சிறிய சென்சார் கேமரா, 20 மீட்டர் தூரம்: படத்தின் அகலத்தில் பறவைக்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு. 40 மீட்டர் என்றால் இருபதில் ஒரு பங்கு. அதை வெட்டிப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எனவே நீங்கள் பறவையை நெருங்க வேண்டும், அல்லது அது உங்களை நெருங்கும் இடத்தில் முன்கூட்டியே உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாவதுதான் நடக்கிற காரியம்.

உட்காருவது என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும் மனிதன் பறவைக்கு வேட்டைக்காரன். வரப்பில் குந்தியிருப்பவன் ஏறக்குறைய ஒரு புதர். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே போய், சூரியன் முதுகுப் பக்கம் விழும்படி இடம் பிடித்து, துணிப்பையில் அரிசியோ மணலோ நிரப்பி அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக் காத்திருங்கள். படமும் பறவையின் கண்மட்டத்தில் வரும். ட்ரைபாட் வேண்டும் என்பவர்கள், பறவை வருமுன் அதை விரித்துவிடுங்கள். இதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

கேமரா அமைப்புகளை நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஷட்டர் வேகம் நடக்கும் பறவைக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பறக்கும் பறவைக்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. லென்ஸின் துளையை முழுதாகத் திறந்துவிட்டு, ஐஎஸ்ஓவைக் கேமராவின் பொறுப்பில் விடுங்கள். புள்ளி புள்ளியாக வருமே என்று பயந்து வேகத்தைக் குறைக்காதீர்கள்; புள்ளியைப் பிறகு துடைக்கலாம், ஆட்டத்தைத் துடைக்க முடியாது. ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் வகையில் இருக்கட்டும், குறி கண்ணில் விழட்டும். ரா ஃபைலில் சேமியுங்கள். கரும்பச்சை அலையாத்தி முன் வெள்ளைக் கொக்கு நின்றால் கேமரா ஏமாந்து கொக்கை வெளுக்க அடிக்கும், ஒரு படி குறையுங்கள். வெளிறிய வானத்தில் கழுகு பறந்தால் அதையே கருப்பாக்கும், ஒரு படி கூட்டுங்கள்.

அமைப்பால் தீராத ஒன்று கானல். ஒன்பது மணிக்கு மேல் ஈரச் சேற்றிலிருந்து சூடு எழும்பும்போது, முப்பது மீட்டருக்கு அப்பால் உள்ள எல்லாம் நீருக்கடியில் இருப்பதுபோல நெளியும். என் 340 படங்களில் இருநூறுக்கு மேல் இப்படிப் போயின. லென்ஸில்தான் கோளாறு என்று அன்று அதை மூன்று முறை துடைத்தேன்.

இன்னொன்று ஈரம். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்கப் பனிபோல மூடிக்கொள்ளும். கிளம்புவதற்கு அரைமணி முன்பே பையோடு வராந்தாவில் வைத்துவிடுங்கள். இரவில் உப்புப் படிந்த இடங்களை ஈரத்துணியால் துடைத்து, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் மூடுங்கள். லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் துடைக்கும் செலவுக்குத் தீவுக்கு இன்னொரு முறை வந்து போகலாம்.

படி 7: முதலையும் சட்டமும்

காடியிலும் அலையாத்தி நீரிலும் உவர்நீர் முதலை இருக்கிறது. எச்சரிக்கைப் பலகை அலங்காரத்துக்கு வைத்ததில்லை. நீர் விளிம்பிலிருந்து சில மீட்டர் தள்ளியே உட்காருங்கள். கலங்கிய நீரில் காலை நனைக்காதீர்கள், விடியலிலும் அந்தியிலும் தனியாகக் காடியோரம் போகாதீர்கள். பறவைக்கு நல்ல நேரமும் முதலைக்கு நல்ல நேரமும் ஒன்றுதான் என்பதால், வெட்டவெளியான வயற்புறத்தைத் தேர்ந்தெடுத்து, கூட ஒருவரை அழைத்துப் போவது நலம். மணல் ஈக்கு முழுக்கை, முழுக்கால். அதன் கடி அடுத்த நாள்தான் தன் பெயரைச் சொல்லும்.

கடற்படை, விமானப்படை இடங்களைப் படமெடுக்கக் கூடாது. ஜாரவா காப்புப்பகுதி வழியாகச் செல்லும் அந்தமான் டிரங்க் சாலையில் படமெடுப்பது குற்றம். ட்ரோனை அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு அழைப்பது, கூட்டை மறைக்கும் கிளையை ஒதுக்குவது, பறக்கும் படத்துக்காகக் கல்லெறிந்து கிளப்புவது ஆகியவற்றைச் செய்யும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போவதற்குக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கும் முப்பது கிராம் உயிரைத் துரத்தி எடுத்த படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது?

படி 8: நீர் ஏறி நிற்கும் நேரத்தில் என்ன செய்வது

நான் சும்மா உட்கார்ந்திருந்த நேரம் இது. நீங்கள் உட்கார வேண்டாம்.

சேறு மூடினால் உள்ளான்கள் எங்கோ ஒன்றாக ஒதுங்கி நிற்கின்றன என்று பொருள். வரப்பு, நீருக்கு மேல் நீட்டியிருக்கும் பட்டமரம், ஏற்றம் எட்டாத மேட்டுப் புல்வெளி ஆகியவற்றைத் தொலைநோக்கியால் துழாவுங்கள். கண்டுபிடித்தால் கிட்டே போகாதீர்கள்; தூக்கத்தில் எழுப்பினால் அடுத்த ஏற்றத்துக்கு அந்த இடத்துக்கே வராமல் போகலாம். ஒன்றிரண்டு தலைகள் நிமிர்ந்தால் நின்றுவிடுங்கள், எல்லாத் தலைகளும் நிமிர்ந்தால் பின்வாங்குங்கள். பிறகு நன்னீர்ப் பக்கம் திரும்புங்கள். அல்லிக் குளத்து ஓரம் கானாங்கோழியும் குருகும் ஏற்றம் வற்றம் பார்ப்பதில்லை. பாக்குத் தோப்பு நிழலில் அந்தமான் கரிச்சானும் வால்காக்கையும் கிடைக்கலாம்.

கிடைத்த மோசமான படத்தையும் அழிக்காதீர்கள். 1862 முதல் 1864 வரை போர்ட் பிளேரின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் டைட்லரும் அவர் மனைவி ஹாரியட்டும் 1857 கலகத்துக்குப் பிந்தைய வட இந்தியாவை நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்தவர்கள். இங்கே ஹாரியட் பெயரில் இருந்த மலைதான் 2021இல் மணிப்பூர் மலை ஆனது. ராபர்ட்டுக்குப் பறவைகள் மேலும் தீராத ஆர்வம். கேமராவும் பறவை ஆர்வமும் ஒரே வீட்டில் இருந்தும், அந்தக் காலத் தகட்டுக்கு உட்கார்ந்திருக்கும் பறவையைப் பிடிப்பதே பெரும்பாடு. 1873இல் இங்கே வந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூமுக்கும், காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஹியூம்தான், பறவையை நிரூபிக்கத் துப்பாக்கி தேவைப்பட்டது. இன்று அலகின் வளைவும் காலின் நிறமும் தெரிகிற ஒரு மங்கலான படம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

படி 9: வீட்டுக்கு வந்தபின்

அன்றே பாருங்கள். முதல் சுற்றில் கண் மங்கியவை, இறக்கை வெட்டுப்பட்டவை, மரக்கட்டைகள் ஆகியவற்றை நீக்குங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு பறவைக்கும் ஒன்றோ இரண்டோ மட்டும் வையுங்கள். என் 340 இல் மிஞ்சியவை 11. அழகான படம் என்று சொல்லத்தக்கது மின்கம்பி மீன்கொத்தி மட்டும்தான், அதிலும் கம்பி குறுக்கே ஓடுகிறது.

பிறகு இ-பேர்ட் செயலியில் பட்டியலைப் போடுங்கள். இடம், தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், பார்த்த எல்லா இனங்களும், காக்கை உட்பட. பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும், 1987 முதல் ஜனவரியில் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் இப்படிச் சாதாரண ஆட்கள் தரும் எண்களால்தான் ஓடுகின்றன. இனம் புரியாததை ஊகித்து எழுதாதீர்கள். ‘உள்ளான் வகை’ என்று பொதுவாகப் பதியவும் அதில் வசதி உண்டு. குறிப்புப் பகுதியில் நீரின் நிலையை எழுதுங்கள், பலர் விட்டுவிடும் விவரம் அது.

என் பட்டியலில் 14 இனங்கள் தேறின. பவளக்காலி 7. உள்ளான் வகை, இனம் தெரியவில்லை, சுமார் 35. குறிப்பில் இப்படி எழுதினேன்: ‘ஏற்றம். 7.45க்குச் சேறு முழுதும் மூடியது. எல்லாம் மேற்கே பறந்தன. வற்றம் மாலை 4 மணி, உள்ளூரார் சொன்னது. நான் அதுவரை இருக்கவில்லை.’